நோயோடு பணிக்கு வருதல் கடமையா, குற்றமா?

கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களில் கதிரவன் எழுமுன்பே தெருமுனைகளில் ஜீப்புகள் வந்து நின்றுவிடும். போடி, தேவாரம், கோம்பை, உத்தமபாளையம், கம்பம், கூடலூர் முதலிய ஊர்களிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்குச் செல்லும் பெண்கள், கையில் சோற்றுத் தூக்குவாளியும் தலையில் கட்டிக்கொள்ள ஒரு துண்டுமாக அவற்றில் நெருங்கி அமர்வர். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகிய மலைவழிகளில் ஏறி, கேரளத்து இடுக்கி மாவட்டத் தோட்டங்களை அடைந்து, காய் எடுத்தும் களை பறித்தும் உழைத்து, மாலையில் அதே வண்டிகளில் இறங்குவர். பள்ளத்தாக்கின் வெம்மையில் புறப்படுகிறவர்கள் மலையின் குளிரிலும் மழையிலும் நனைந்து திரும்புவர். பல்லாண்டுகளாக நடந்துவரும் அன்றாட நிகழ்ச்சி இது.

அந்த ஜீப்பில் ஒருத்திக்குக் காய்ச்சல் என்று கொள்வோம். அவள் அன்று வேலைக்குப் போவது கடமை உணர்ச்சியா? அல்லது உடன் இருப்போர்க்கு இழைக்கும் தீங்கா? தீங்கு என்றால் அதன் பாவம் யாரைச் சாரும்? சிறிய வினாவாகத் தோன்றும் இதனைப் பற்றி நான் பல ஆண்டுகளாகச் சிந்தித்து வருகிறேன். சிந்திக்க வைத்தது என்னுடைய தவறு ஒன்றே. வாசக அன்பர்கள் முன் அதனை ஒளிக்காமல் வைப்பதே முறையாகும்.

என் தவறு

மதுரை மாவட்டத்திலிருந்து தேனி தனி மாவட்டமாகப் பிரிந்த சில ஆண்டுகளுக்குள் நான் பணி மாற்றலாகி அவ்வூருக்குச் சென்றேன். பதினைந்து பேர் பணிபுரியும் ஓர் அலுவலகத்தின் பொறுப்பு என்னிடம் இருந்தது. மார்ச் மாதக் கணக்கு முடிக்கும் நாள்கள். கணக்கர் ஒருவர் கடுங்காய்ச்சலோடும் இருமலோடும் வந்து, இரவு வரை அமர்ந்து ஏடுகளை முடித்துக் கொடுத்தார். மறுநாட் காலை அனைவரையும் அழைத்து, "கடமை என்றால் இதுவன்றோ கடமை! இவரைப் பார்த்து நாம் கற்றுக்கொள்ள வேண்டும்" என்று பாராட்டினேன். எல்லோரும் கைதட்டினர். அவரும் இருமிக்கொண்டே கைகூப்பினார்.

அடுத்த பத்து நாள்களில் ஐந்து பேர் நோயுற்றனர். அவர்களுள் தட்டச்சர் பணியிலிருந்த பெண்மணி ஒருவர். வீட்டில் கைக்குழந்தை வைத்திருந்தவர். அவரும் காய்ச்சலோடு இரண்டு நாள் அலுவலகம் வந்தார். நீரிழிவு நோய் கொண்ட முதிய காவலாளிக்கோ சளி நுரையீரலில் இறங்கிவிட்டது. மூன்று வாரம் மருத்துவமனையில் கிடந்து எழுந்த அவர் பழைய வலிமையைப் பின்னர் பெறவே இல்லை.

நோய் யாரிடமிருந்து யாரைப் பற்றியது என்று உறுதியாகச் சொல்ல இயலாது. பேருந்திலும் சந்தையிலும் அது பற்றியிருக்கலாம். ஆயினும் தட்டச்சர் அம்மையாரிடம், "காய்ச்சலோடு ஏனம்மா வந்தீர்கள்? குழந்தையைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்திருக்கலாமே!" என்று நான் கேட்டபோது அவர் தயங்கித் தயங்கிச் சொன்ன விடை என் நெஞ்சில் தைத்தது: "நீங்கள் அவரைப் பாராட்டினீர்கள், ஐயா. நான் விடுப்புக் கேட்டால் என்னைப் பற்றி என்ன நினைப்பீர்களோ என்று பயந்தேன்."

நான் எவரையும் நோயோடு வரும்படி ஆணையிடவில்லை. விடுப்பை மறுக்கவும் இல்லை. ஒரு நல்ல சொல்லைத்தான் சொன்னேன். அந்த நல்ல சொல்லே ஓர் ஆணையாகிவிட்டது.

பிரமாதம் என்னும் வேர்

இம்சை என்பது ஆயுதம் ஏந்திச் செய்வது மட்டுமன்று என்பதை நம் இல்லத்துக் குழந்தைகளும் அறியும். பிரமாதம், அதாவது கவனமின்மை, இம்சையின் வேர் என்பது நமது அடிப்படைக் கொள்கை. நீரை வடிகட்டிப் பருகுகிறோம். பொழுது சாய்ந்தபின் உண்பதைத் தவிர்க்கிறோம். கண்ணுக்குப் புலனாகாத சிற்றுயிர்க்கும் நம்மால் ஊறு நேரக்கூடாது என்பதே இவற்றின் கருத்து. அவ்வாறாயின், பக்கத்து இருக்கையில் அமர்ந்திருக்கும் ஆறறிவுயிர்க்கு நம் இருமலால் ஊறு நேருமா என்று எண்ணிப் பார்ப்பதும் அந்த நோன்பின் பகுதியே அன்றோ?

இன்று மருத்துவ நூலார் தெளிவாகக் கூறுகின்றனர். இன்புளுவென்சா என்னும் சளிக்காய்ச்சல் உடையவர், நோய்க்குறி தோன்றுவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே பிறர்க்கு அதனைப் பரப்பக்கூடும். நோய் கண்ட முதல் மூன்று நான்கு நாள்களில் அது மிகுதியாகப் பரவும். பாராசிட்டமால் மாத்திரை உடலின் வெப்பத்தைத் தணிக்குமேயன்றிப் பிறர்க்குப் பரவுவதைத் தடுக்காது. 'மெட்ராஸ் ஐ' என்று நாம் வழங்கும் கண்நோய், நோயாளி கண்ணைத் தொட்ட கையால் தொட்ட பொருள்கள் வழியே பரவுகிறது. காசநோயாளி இருமும்போது வெளிப்படும் நுண்துளிகள் காற்றோட்டமற்ற அறையில் நெடுநேரம் தங்குகின்றன. இவ்வளவும் அறிந்தபின், "எனக்கு ஒன்றுமில்லை, சமாளித்துக்கொள்வேன்" என்று கூறுவது வீரமாகாது. சமாளிக்க வேண்டியவர் அவர் மட்டும் அல்லர்.

எல்லா நோயும் இவ்வாறு பரவுவன அல்ல என்பதையும் உடன் கூறுதல் வேண்டும். மூட்டுவலியும் இரத்த அழுத்தமும் நீரிழிவும் பிறரைப் பற்றமாட்டா. டெங்குவும் சிக்குன்குன்யாவும் கொசுவின் வழியே பரவுவனவன்றி மூச்சின் வழியே பரவுவன அல்ல. இத்தகைய நோயுடையோர் தம்மால் இயன்றபோது பணிசெய்ய விரும்பினால் அவர்களை ஒதுக்கி வைப்பது வேறொரு கொடுமையாகும். நோயுற்றோரை அருவருக்காமை நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் ஒன்று. ஆகவே நோயாளியை விரட்டுவது நம் கருத்தாக இருத்தல் ஆகாது. பரவும் நோயைப் பரவாமல் காப்பதும், நோயாளி அச்சமின்றி ஓய்வு கொள்ள வழி செய்வதுமே நாம் வேண்டுவன.

வேப்பிலை கட்டிய வீடு

நம் முன்னோர்க்கு இவ்வறிவு இல்லாமலில்லை. வீட்டில் ஒருவர்க்கு அம்மை கண்டால் வாசலில் வேப்பிலை செருகுவர். நோயாளி தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை வெளியே செல்லார். அயலார் உள்ளே வாரார். அந்த வேப்பிலையைக் கண்டு எவரும் அவ்வீட்டாரைச் சோம்பேறிகள் என்று கூறியதில்லை. பண்ணையாரும் ஆள் அனுப்பி வேலைக்கு அழைத்ததில்லை. சின்னம்மை, கொப்புளங்கள் எல்லாம் உலர்ந்து பொருக்குத் தட்டும் வரை பரவும் என்பதை இன்றைய மருத்துவமும் ஏற்கிறது. தெய்வத்தின் பெயரால் ஏற்பட்ட வழக்கமாயினும், அதன் உள்ளே இருந்தது ஊரார் அனைவரும் ஒப்புக்கொண்ட ஓய்வு விதியேயாகும்.

அம்மைக்கு இருந்த அந்த மதிப்பு காய்ச்சலுக்கும் இருமலுக்கும் இல்லாமற் போயிற்று. காய்ச்சலுற்றவன் வாசலில் கட்டிக்கொள்ள வேப்பிலை இல்லை. அவன் தன் நோயைத் தானே மெய்ப்பிக்க வேண்டும். மெய்ப்பித்தாலும் கூலி போகும்.

மாத்திரையும் மௌனமும்

தேனியில் நாங்கள் குடியிருந்த தெருவில், எதிர்வீட்டு அம்மாள் ஏலத்தோட்டத்துக்குச் செல்பவர். ஒருநாள் அந்தியில் உடல் நடுங்க வந்து என் துணைவியாரிடம் காய்ச்சல் மாத்திரை கேட்டார். "நாளைக்கு ஒருநாள் வீட்டில் படுத்திருக்கக் கூடாதா?" என்று இவர் கேட்க, அவர் சொன்னது: "காய்ச்சல்னு சொன்னா ஜீப்புல ஏத்தமாட்டாக, அக்கா. ஏறலைன்னா அன்னைக்குக் கூலி போச்சு. மறுவாரம் நம்ம எடத்துல வேற ஆளு உக்காந்திருக்கும். அதேன் மாத்திரையப் போட்டுக்கிட்டுப் பேசாம போறது."

இந்த நான்கு வாக்கியங்களில் பெரிய உண்மை ஒன்று அடங்கியுள்ளது. 'நோயாளி வரக்கூடாது' என்னும் விதி அங்கே இல்லாமலில்லை. ஜீப்பில் ஏற்றமாட்டார்கள். ஆனால் அவ்விதியோடு கூலி சேர்ந்து வரவில்லை. அதனால் விதி நோயை நிறுத்தவில்லை. நோயாளியை மறைக்கக் கற்றுக்கொடுத்தது.

உலக வரலாற்றிலும் இதற்குச் சான்று உண்டு. அயர்லாந்தில் பிறந்து நியூயார்க் நகரில் சமையல் வேலை செய்துவந்த மேரி மாலன் என்னும் பெண்ணின் உடலில், நோய்க்குறி ஏதுமின்றி டைபாய்டு கிருமி தங்கியிருந்தது. 1907இல் இதனைக் கண்டறிந்த அதிகாரிகள் அவரை ஒரு தீவில் தனித்து வைத்தனர். இனிச் சமையல் வேலை செய்வதில்லை என்னும் உறுதிமொழியின் பேரில் 1910இல் விடுவித்தனர். சலவை வேலையில் வருவாய் குறைவு. தாம் நோயைச் சுமப்பவர் என்பதை அவர் நம்பவும் இல்லை. பெயரை மாற்றிக்கொண்டு மீண்டும் சமையலறைக்குள் நுழைந்தார். 1915இல் மகப்பேறு மருத்துவமனை ஒன்றில் 25 பேர் டைபாய்டு கண்டு இருவர் இறந்தபின் மறுபடியும் பிடிபட்டு, 1938இல் இறக்கும் வரை அத்தீவிலேயே வைக்கப்பட்டார். உறுதிமொழி பெற்றவர்கள், அவ்வுறுதிமொழியைக் காத்துக்கொண்டு அவர் வாழ்வதற்கான வழியையும் செய்து கொடுத்திருந்தால் அவ்விருவரும் பிழைத்திருக்கக்கூடும். அவரிடம் தவறில்லை என்று கூறவில்லை. தவறு அவரிடம் மட்டும் இல்லை என்றே கூறுகிறேன்.

செய்தல், செய்வித்தல், உடன்படுதல்

தேனியில் இருந்த நாள்களில் விடுமுறை தோறும் உத்தமபாளையத்துப் பாறைக்குச் செல்வது என் வழக்கம். ஆயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட தீர்த்தங்கரர் திருவுருவங்கள் அங்கே வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. வட்டெழுத்துக் கல்வெட்டுகளில் அச்சணந்தி அடிகளின் பெயரும் காணப்படுகிறது. பாண்டிநாட்டுச் சமணக் குன்றுகளின் கல்வெட்டுகளைக் கற்றவர்கள், 'இன்னார் செய்வித்த திருமேனி' என்னும் தொடரை அறிவர். உளி பிடித்தவர் வேறொருவர். ஆயினும் செய்வித்தவர் பெயரே கல்லில் நிற்கிறது. செய்வித்தவர்க்கும் புண்ணியத்தில் பங்குண்டு என்பதில் நம்மவர்க்கு ஐயம் இருந்ததில்லை.

அப்பாறையின் முன் அமர்ந்திருந்தபோதுதான் எனக்கு இது தோன்றியது: புண்ணியத்தில் செய்வித்தவர்க்குப் பங்கு உண்டென்றால், தீங்கிலும் செய்வித்தவர்க்குப் பங்கு இருக்க வேண்டுமன்றோ? கிருதம், காரிதம், அனுமோதனை என்று நம் ஆசிரியர்கள் மூன்றாகப் பகுத்துள்ளனர். தானே செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்வதற்கு உடன்பட்டு மகிழ்தல் என்பன அவை.

காய்ச்சலோடு ஜீப்பில் ஏறுபவள் செய்பவள். ஏறாவிட்டால் கூலியில்லை, இடமுமில்லை என்னும் முறையை வைத்திருப்பவர் செய்விப்பவர். காய்ச்சலோடு வந்தவரைக் கைதட்டிப் பாராட்டிய நான் உடன்பட்டவன். அந்த ஏலக்காயைப் பாயசத்தில் இட்டு மகிழும் நாம் அனைவரும், இம்முறையைப் பற்றி ஒருநாளும் வினவாதிருப்போமாயின், உடன்படுவோர் வரிசையின் கடைசியிலாவது நிற்கிறோம்.

மூவர்க்கும் பங்கு சமமா? இங்கேதான் நாம் அவசரப்படாமல் எண்ண வேண்டும். வேறு வழி உடையவன் செய்வதும் வேறு வழியற்றவன் செய்வதும் ஒன்றாகா. அந்த அம்மாள் ஒருநாள் நின்றால் அன்றைய உலை பாதியாகும். நான் ஒருநாள் நின்றிருந்தால் என் சம்பளத்தில் ஒரு காசும் குறைந்திராது. ஆகவே சுமையின் பெரும்பகுதி, வேறு வழியை உண்டாக்கும் ஆற்றல் உடையவரையே சாரும். நோயோடு வரும் ஏழையைக் கடிந்துகொண்டு, அவரை வரவழைக்கும் முறையை வாளாவிடுவது நடுவுநிலை ஆகாது.

சட்டம் எதுவரை வருகிறது?

நோயுற்ற தொழிலாளிக்கு ஊதியத்தின் ஒரு பகுதியேனும் கிடைக்க வேண்டும் என்னும் எண்ணம் புதியதன்று. ஜெர்மனி 1883இலேயே நோய்க்காலக் காப்புறுதிச் சட்டம் இயற்றியது. நம் நாட்டில் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே ஈ.எஸ்.ஐ. திட்டம் தோன்றியது. தகுதியுடைய தொழிலாளி நோயுற்றால் ஆண்டில் 91 நாள் வரை ஊதியத்தின் 70 விழுக்காட்டை இத்திட்டம் வழங்குகிறது. ஆயினும் அச்சட்டம் நோயின் முதல் இரண்டு நாள்களைப் பொதுவாக விலக்கியே வைத்தது. பொய்க் காரணம் கூறுவோரைத் தடுக்க அவ்வாறு செய்தனர் போலும். ஆனால் சளிக்காய்ச்சல் மிகுதியாகப் பரவுவது அந்த முதல் நாள்களிலேதான்! எந்த நாளில் தொழிலாளி வீட்டில் இருப்பது பிறர்க்கு மிகவும் நன்மையோ, அந்த நாளுக்கே கூலி இல்லை என்றாயிற்று.

தமிழ்நாட்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கடைகளிலும் வணிக நிலையங்களிலும் பணிபுரிவோர்க்கு நோயின் பொருட்டு ஆண்டுக்கு 12 நாள் வரை ஊதியத்துடன் விடுப்பு உண்டு என்பது அதன் விதி. தேனியிலும் கம்பத்திலும் மட்டுமன்று, நம்மவர் வணிகம் செய்யும் வந்தவாசி, திண்டிவனம், காஞ்சிபுரம் ஆகிய ஊர்களிலும் இவ்விதியை அறியாத கடைக்காரரும் பலர், அறியாத பணியாளரும் பலர்.

தோட்டங்களுக்கென 1951இல் இயற்றிய தோட்டத் தொழிலாளர் சட்டம், நோய்க்கால உதவித்தொகைக்கு இடம் வைத்தது. ஏலத்தோட்டமும் பின்னர் அதனுள் அடங்கியது. ஆனால் ஐந்து எக்டேரும் பதினைந்து தொழிலாளரும் கொண்ட தோட்டங்களுக்கே அது பொருந்திற்று. இடுக்கியின் ஏலத்தோட்டங்களுள் பெரும்பாலானவை சிறு தோட்டங்கள். இன்று ஒரு தோட்டம், நாளை வேறொரு தோட்டம் என்று ஜீப்பில் செல்லும் பெண்ணுக்கு, 'என் முதலாளி இவர்' என்று சுட்டிக்காட்டவும் இயலாது. இப்பழைய மத்தியச் சட்டங்கள் 2020ஆம் ஆண்டுத் தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களுள் சேர்க்கப்பட்டு, அத்தொகுப்புகள் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்துள்ளன. எச்சட்டமாயினும், ஏட்டில் பெயரில்லாதவரை அது எளிதில் எட்டுவதில்லை.

2020இல் கொரோனா பரவியபோது இதனைக் கண்கூடாகக் கண்டோம். தொழிலாளர்க்கு ஊதியத்தைப் பிடிக்கக் கூடாது, விடுப்பில் இருப்போரைப் பணியில் இருப்போராகக் கருத வேண்டும் என்று மார்ச் 20ஆம் நாள் மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் அறிவுறுத்தியது. மார்ச் 29இல் உள்துறை அமைச்சகம் முழு ஊதியம் வழங்க ஆணையிட்டது. மே மாதத்தில் அவ்வாணை விலக்கிக்கொள்ளப்பட்டது. மலைவழிகளில் போக்குவரத்து நின்றுபோன அந்நாள்களில், எழுத்துமூலமான வேலை எதுவும் இல்லாத ஏலத்தோட்டப் பெண் எவரிடம் சென்று அவ்வாணையைக் காட்டியிருக்க முடியும்? நோய் ஏழை, செல்வர் என்று பாராமல் பரவியது. ஓய்வு அவ்வாறு பரவவில்லை.

சில மறுப்புகள்

"ஊதியத்தோடு ஓய்வு என்றால் எல்லோரும் பொய்க் காய்ச்சல் சொல்வார்களே!" என்பர் சிலர். சொல்வோர் உண்டு, மறுப்பதற்கில்லை. பொய் விடுப்பு வாய்மை நோன்புக்கு மாறானது, உடன் பணிபுரிவோர் தோளில் தன் சுமையை ஏற்றுவது. ஆனால் ஒருநாட் காய்ச்சலுக்கும் மருத்துவச் சான்று கொண்டுவரச் சொல்வதால் பொய் குறைந்துவிட்டதா? சான்றை விலைக்கு வாங்கும் வழக்கமே வளர்ந்தது. முன்பு ஒருவர் பொய் சொன்னார். இப்போது இருவர் சொல்கின்றனர். உண்மையான நோயாளியோ, படுத்திருக்க வேண்டிய நேரத்தில் மருத்துவமனை வரிசையில் நின்று பிறர்க்கும் நோயைத் தருகிறார். இரண்டு மூன்று நாள் வரை சொல்லை நம்புவதும், அடிக்கடி தவறுபவரைத் தனியே அழைத்துப் பேசுவதுமே நேரிய வழி. சிலர் ஏமாற்றுவர் என்பதற்காக அனைவரையும் நோயோடு உழைக்க வைப்பது எந்த அறத்தின்பாற்படும்?

"சிறு முதலாளி என்ன செய்வான்?" என்பது அடுத்த வினா. இது நேர்மையான வினா. 2019இல் கிலோ ஏழாயிரம் ரூபாய் வரை ஏறிய ஏலக்காய் விலை, அடுத்த சில ஆண்டுகளில் ஆயிரம் ரூபாய் அளவுக்கு இறங்கியது. இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் கடனில் மூழ்கியிருக்கும்போது அவரிடம் எல்லாவற்றையும் எதிர்பார்ப்பது நியாயமன்று. ஆகவேதான் இச்சுமை ஒருவர் தலையில் விழாமல் பலர் பகிர்ந்துகொள்ளும் காப்பு நிதியாக இருத்தல் வேண்டும். ஆயினும் ஒரு சிறு கணக்கைப் பார்க்கலாம். நாட்கூலி 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒருவரை மூன்று நாள் ஊதியத்தோடு ஓய்வில் வைக்க 1,500 ரூபாய் ஆகும். அவர் வந்து மேலும் நால்வர் நோயுற்று மும்மூன்று நாள் நின்றால் பன்னிரண்டு நாள் வேலை கெடும். காய் பழுத்து உதிரும் பருவத்தில் எது இழப்பு என்பதைத் தோட்டக்காரரே அறிவார்.

"மருத்துவரும் செவிலியரும் பேருந்து ஓட்டுநரும் இவ்வாறு நின்றுவிட்டால் உலகம் எப்படி நடக்கும்?" என்றும் கேட்கலாம். மாற்று ஆள் இல்லாத இடத்தில் ஒருவர் தம் உடல் நலிவைப் பொறுத்துக்கொண்டு பணியாற்றுவது தியாகமே. ஆனால் அந்தத் தியாகம் தம் உடலளவில் நிற்க வேண்டும். பிறர் உடலைத் தியாகம் செய்ய நமக்கு உரிமை இல்லை. அதிலும் நோயாளிகளின் அருகே செல்பவரும் உணவைக் கையாள்பவரும் மற்றவரைவிட எச்சரிக்கையாக இருக்கக் கடமைப்பட்டவர்கள். பரவும் நோயுடையவரை உணவு கையாளும் இடத்தில் விடலாகாது என்று 2011ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிமுறைகளும் கூறுகின்றன. உணவகம் நடத்தும் அன்பர்கள் இதனைச் சுவரில் எழுதி வைத்தால் போதாது. சமையற்காரர் "வயிற்றுப்போக்கு" என்று சொல்லும் நாளில் அவர் கூலியைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால்தான் அவ்விதி உயிர்பெறும்.

நம் இல்லங்களில்

தொழிற்சாலையும் தோட்டமும் நம் கையில் இல்லை என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. நம்மில் பலர் ஆசிரியர்கள், அலுவலர்கள், சிறு வணிகர்கள். பெரும்பாலோர் வீட்டில் பாத்திரம் துலக்கவும் துணி துவைக்கவும் ஓர் அம்மையார் வருகிறார். அவர்க்கு நாமே முதலாளிகள். நம் வீடே பணியிடம். காய்ச்சலென்று அவர் நின்ற நாள்களை மாதக் கடைசியில் எண்ணிக் கழிக்கும் வீடுகள் எத்தனை? பயணம் என்று நாம் ஊருக்குச் செல்லும்போது நமக்குச் சம்பளத்தோடு விடுப்பு. அவர் படுத்த நாளுக்கு மட்டும் கணக்கு. மாதத்தில் இரண்டு மூன்று நாள் அவர் நோயால் நின்றாலும் கூலி குறையாது என்று முதல் நாளே சொல்லிவிடுவோமாயின், அவர் மாத்திரை விழுங்கிக்கொண்டு நம் வீட்டுக் குழந்தைகளின் தட்டைத் துலக்க வரமாட்டார். இதில் அவர் நலமும் உண்டு, நம் நலமும் உண்டு.

நான்கு தானங்கள் என்று உணவு, அபயம், மருந்து, சாத்திரம் ஆகியவற்றைக் கூறுகிறோம். நோயுற்றவர்க்கு அன்றைய கூலியைக் கொடுத்து, "அஞ்ச வேண்டாம், உங்கள் வேலை உங்களுக்கே இருக்கும்" என்று ஒரு சொல் சொன்னால், உணவும் மருந்தும் அபயமும் ஆகிய மூன்றும் அதில் அடங்கிவிடுகின்றன. அபயம் என்பதற்கு அச்சமின்மை என்றே பொருள். வேலை போய்விடுமோ என்னும் அச்சத்தைப் போக்குவதும் அபயமே. ஆனால் ஒன்றை மறத்தல் கூடாது. உழைப்பவர்க்கு நோய்க்கால ஓய்வு நாம் இரங்கி அளிக்கும் பிச்சையன்று. அவர் உழைப்போடு உடன்பிறந்த உரிமை. தானம் என்று எண்ணிக் கொடுத்தாலும், கடன் என்று எண்ணிக் கொடுத்தாலும், கொடுத்துவிடுவதே வேண்டுவது.

பள்ளிகளில் ஆண்டு முழுதும் ஒருநாளும் விடாமல் வந்த மாணவர்க்குப் பரிசளிக்கும் வழக்கத்தையும் ஆசிரியப் பெருமக்கள் மறுசிந்தனை செய்ய வேண்டுகிறேன். அப்பரிசுக்காகக் கண்நோயோடும் காய்ச்சலோடும் குழந்தைகளை அனுப்பும் பெற்றோரை நான் அறிவேன். ஆலைகளில் வருகைக்கென அளிக்கும் ஊக்கத்தொகையும் இத்தகையதே. காரணமின்றி நிற்பவரைத் திருத்துவதற்கு ஏற்பட்டது, காரணத்தோடு நிற்பவரைத் தண்டிக்கிறது. நோயால் நின்ற நாளை வராத நாளாக எண்ணாது விட்டால் போதும். பரிசும் இருக்கும், குற்றமும் நீங்கும்.

இறுதியாக, அலுவலகத்திலோ கடையிலோ தலைமை இடத்தில் இருப்பவர்க்கு ஒரு விண்ணப்பம். உங்களுக்குக் காய்ச்சல் கண்டால் முதலில் நீங்கள் வீட்டில் இருங்கள். நூறு சுற்றறிக்கைகள் செய்யாததை அந்த ஒரு செயல் செய்யும். தலைவர் இருமிக்கொண்டே இருக்கையில் அமர்ந்திருக்க, பணியாளர் எவரும் ஓய்வு கேட்கத் துணியார்.

தேனியில் எஞ்சியிருந்த என் பணிக்காலத்தில், காய்ச்சலோடு வந்தவரை வாசலிலேயே திருப்பி அனுப்பினேன்; விடுப்பு விண்ணப்பத்தைக் குணமானபின் எழுதிக்கொள்ளலாம் என்றேன். முதலில் அவர்கள் நம்பவில்லை. நான் சினத்தில் சொல்கிறேன் என்றே எண்ணினர். ஆறு மாதம் கழிந்தபின்னரே, ஒருவர் தாமாக ஆள் அனுப்பி, "எனக்குச் சளிக்காய்ச்சல், இன்று வரவில்லை" என்று சொல்லும் துணிவு பெற்றார். ஒரே நாளில் என் சொல்லால் கெட்டது, சீர்ப்பட ஆறு மாதம் ஆயிற்று.

ஓய்வு பெற்றபின் ஒருமுறை அக்காவலாளியின் வீட்டுக்குச் சென்றேன். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "அதுக்கு நீங்க என்ன செய்வீக, அய்யா! காய்ச்சல் காத்துல வருது" என்று அவர் என்னைத் தேற்றினார். அவர் பெருந்தன்மை அது. ஆனால் அந்திப் பொழுதில் அன்றைய பிழைகளை எண்ணிப் பிரதிக்கிரமணம் செய்யும்போது, அந்தப் பெருந்தன்மையை நான் எனக்குச் சான்றாகக் கொள்வதில்லை. இன்று என் பொருட்டு எவரேனும் நோயோடு உழைத்தனரா, என் சொல்லோ என் விதியோ என் மௌனமோ அவரை உழைக்க வைத்ததா என்று ஒரு வினாவைக் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டுள்ளேன். அன்பர்களும் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன்.

அறம் வளர்க!